நிற்கும் காலின் சிரைப்படம்

உடற்கூறு நூல்களில் காணப்படும் விளக்கங்களில் பெரும்பகுதி, உயிரற்ற உடலை மேசையில் கிடத்தி அறுத்துப் பார்த்து எழுதப்பட்டவை. எலும்புக்கும் தசைக்கும் அந்த முறை போதுமானதாக இருந்தது என்றாலும், இரத்தம் வடிந்ததும் ஒட்டிச் சுருங்கிவிடும் சிரைகளுக்கு, அதிலும் தோலுக்கடியில் கொழுப்பினூடே ஓடும் கால் சிரைகளுக்கு, அது முழுமையாகப் பொருந்தவில்லை. வெறுமையாகிக் கிடக்கும் குழாயை வைத்துக்கொண்டு, நிற்கும் மனிதரின் காலில் அது எவ்வளவு விரிகிறது, எத்திசையில் இரத்தத்தைக் கொண்டுசெல்கிறது, எங்கே பழுதுபடுகிறது என்று அறிய இயலாது. உயிருள்ள காலை, நின்ற நிலையிலேயே, ஒரு கீறலும் இல்லாமல் ஆராய அல்ட்ராசவுண்ட் வழிசெய்த பிறகு, மேற்புறச் சிரைகளைப் பற்றி நெடுங்காலமாகச் சொல்லப்பட்டுவந்தவற்றுள் சில உறுதிப்பட்டன, சில திருத்தப்பட்டன, சில கைவிடப்பட்டன.

சிரை என்பது உடலின் பகுதிகளிலிருந்து இதயத்துக்கு இரத்தத்தைத் திருப்பிக் கொண்டுசெல்லும் குழாய். பேச்சு வழக்கில் இதையும் நரம்பு என்றே சொல்வதுண்டு. ஆயினும் உணர்ச்சியைக் கடத்தும் நரம்பு வேறு, இது வேறு. காலில் சிரைகள் இரண்டு மட்டங்களில் அமைந்துள்ளன. தசைகளுக்கிடையே தமனிகளை ஒட்டிச் செல்லும் ஆழ்சிரைகள் காலிலிருந்து திரும்பும் இரத்தத்தில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கைச் சுமக்கின்றன. தோலுக்கும் தசைக்கும் இடைப்பட்ட மேற்புறச் சிரைகள் எஞ்சிய பங்கைச் சேகரித்து ஆழ்சிரைகளிடம் ஒப்படைக்கின்றன. இவ்விரண்டையும் இணைத்துத் தசையுறையைத் துளைத்துச் செல்லும் குறுஞ்சிரைகள் ஒவ்வொரு காலிலும் நூற்றுக்கு மேல் உண்டு. இவற்றை ஊடுருவு சிரைகள் எனலாம். அசையாமல் நிற்பவரின் கணுக்கால் சிரையில் அழுத்தம் பாதரச அளவில் 80 முதல் 90 மில்லிமீட்டர் வரை இருக்கும். அவர் நடக்கத் தொடங்கியதும், கெண்டைக்கால் தசை சுருங்கி ஆழ்சிரைகளைப் பிழிந்து இரத்தத்தை மேலே தள்ளுவதால், அது 30-க்கும் கீழே இறங்கிவிடும். தள்ளிய இரத்தம் மீண்டும் கீழே விழாமல் தடுப்பவை சிரைகளுக்குள் உள்ள இரட்டை இதழ் வால்வுகள். இவற்றைப் பதுவா நகரின் பேராசிரியர் ஃபாப்ரீசியஸ் 1603-ல் வெளியிட்ட நூலில் படம் வரைந்து காட்டினார் என்றாலும், அவற்றின் வேலையை அவர் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை. அவரிடம் பயின்ற வில்லியம் ஹார்வி 1628-ல் இரத்த ஓட்டத்தை விளக்கியபோதுதான் வால்வுகள் ஒருவழிக் கதவுகள் என்பது தெளிவாயிற்று.

மேற்புறச் சிரைகளுள் தலையாயவை இரண்டு. பெரிய சஃபீனஸ் சிரை, உட்கணுக்கால் எலும்புக்குச் சற்று முன்னால் தொடங்கி, காலின் உட்புறமாக ஏறி, கவட்டைப் பகுதியில் தொடையின் ஆழ்சிரையோடு கலக்கிறது. சிறிய சஃபீனஸ் சிரை, வெளிக்கணுக்காலின் பின்னால் தொடங்கி, கெண்டைக்காலின் நடுவே மேலேறி, முழங்காலின் பின்குழியை நோக்கிச் செல்கிறது. வால்வுகள் பழுதாகி இரத்தம் கீழ்நோக்கி வழியும்போது, அழுத்தம் தாங்காமல் சிரைகள் வீங்கி நெளிவதே சுருள் சிரை நோய், அதாவது பரவலாக வெரிகோஸ் வெயின் என்று வழங்கும் நோய். இந்த நோய்க்குச் செய்யப்படும் சிகிச்சைகள்தாம் இச்சிரைகளின் உடற்கூற்றை நுணுக்கமாக அறியவேண்டிய கட்டாயத்தை மருத்துவர்களுக்கு ஏற்படுத்தின.

மனிதக் காதுக்கு எட்டாத, நொடிக்கு 20,000 அதிர்வுகளுக்கும் மேற்பட்ட ஒலியே அல்ட்ராசவுண்ட் எனப்படும் மீயொலி. மேற்புறச் சிரைகளைப் பார்க்க நொடிக்கு 70 இலட்சம் முதல் ஒன்றரைக் கோடி வரை அதிர்வுள்ள ஒலி பயன்படுத்தப்படுகிறது. அதிர்வு கூடக் கூடப் படம் நுணுக்கமாகும், ஆனால் ஒலி ஆழத்துக்குச் செல்லாது என்பதால், தோலிலிருந்து ஓரிரு சென்டிமீட்டர் ஆழத்திலேயே உள்ள இச்சிரைகளுக்கு உயர் அதிர்வு மிகவும் ஏற்றது. கையில் பிடிக்கும் புரோப் என்னும் கருவியிலிருந்து சென்று திசுக்களில் பட்டுத் திரும்பும் எதிரொலி, திரையில் கறுப்பு வெள்ளைப் படமாகிறது. அதில் இரத்தம் கறுப்பாகவும், கொழுப்பு சாம்பல் நிறமாகவும், திசுப்படலங்கள் பளிச்சென்ற வெண்கோடுகளாகவும் தோன்றும். ஆஸ்திரிய இயற்பியலர் கிறிஸ்டியன் டாப்ளர் 1842-ல் இரட்டை விண்மீன்களின் நிறம் குறித்து முன்வைத்த கோட்பாடு, அதாவது நகரும் பொருளிலிருந்து வரும் அலையின் அதிர்வெண் மாறித் தோன்றும் என்பது, ஒரு நூற்றாண்டுக்குப் பின் இரத்தத்தின் வேகத்தையும் திசையையும் கண்டறியப் பயன்பட்டது. படத்தையும் இந்த ஓட்ட அளவீட்டையும் ஒரே கருவியில் இணைக்கும் டூப்ளெக்ஸ் முறை, 1970-களில் அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஸ்ட்ராண்ட்னெஸ் குழுவினரால் உருவாக்கப்பட்டது. அது முதலில் தமனிகளுக்காகச் செய்யப்பட்டதென்றாலும், சிரை மருத்துவத்தையே கூடுதலாக மாற்றியமைத்தது எனலாம்.

பரிசோதனை நடைபெறும் விதத்திலேயே பழைய உடற்கூற்றுக்கும் புதியதற்குமான வேறுபாடு புலப்படும். பரிசோதிக்கப்படுபவர் படுப்பதில்லை, நிற்கிறார். ஆராயப்படும் காலின் முழங்காலைச் சற்று மடக்கி வெளிப்பக்கமாகத் திருப்பி, உடலின் எடையை மற்றக் காலில் தாங்கிக்கொள்கிறார். புரோப்பின் மீது ஜெல் தடவி, தோலின் மேல் மிக மென்மையாக வைத்து, கவட்டையிலிருந்து கணுக்கால் வரை குறுக்குவெட்டாக நகர்த்திச் செல்வார் மருத்துவர். சற்றே அழுத்தினாலும் மேற்புறச் சிரை தட்டையாகித் திரையிலிருந்து மறைந்துவிடும் என்பதால், அனுபவம் குறைந்தவரின் கையில் இருக்கும் சிரையே இல்லாததாகிவிடக் கூடும். அதே இயல்பு பயனும் தருகிறது: வேண்டுமென்றே அழுத்தும்போது முழுதும் அமுங்கினால் அந்தச் சிரையில் இரத்தக்கட்டி இல்லை என்று பொருள், அமுங்க மறுத்தால் உள்ளே கட்டி உறைந்திருக்கிறது என்ற ஐயம் எழும். அடுத்து, மருத்துவர் ஒரு கையால் கெண்டைக்காலைப் பிழிந்து விடுகிறார். பிழியும்போது இரத்தம் மேலே பாய்வது திரையில் ஒரு நிறமாகத் தெரியும்; கையை விட்டதும், வால்வு நலமாக இருந்தால் நிறம் சட்டென மறைந்துவிடும், பழுதாக இருந்தால் எதிர்த்திசையைக் காட்டும் மற்றொரு நிறம் நிரம்பி நிற்கும். இந்தப் பின்னோட்டம் அரை நொடிக்கு மேல் நீடித்தால் மேற்புறச் சிரையின் வால்வு கெட்டுவிட்டதாகக் கொள்வது உலகெங்கும் ஏற்கப்பட்ட அளவு. தொடையின் பெரிய ஆழ்சிரைகளுக்கு இந்த வரம்பு ஒரு நொடி.

அல்ட்ராசவுண்ட் அளித்த அறிவுகளுள் மிக முக்கியமானது சிரையைப் பற்றியதன்று, சிரையைச் சுற்றியுள்ள படலத்தைப் பற்றியது. பெரிய சஃபீனஸ் சிரை தோலடிக் கொழுப்பில் மிதந்துகொண்டிருப்பதாகவே மரபான பாடநூல்கள் விவரித்துவந்தன. ஆனால் தொடையின் குறுக்குவெட்டை அல்ட்ராசவுண்டில் பார்த்தபோது, சிரைக்குக் கீழே தசையுறை ஒரு வெண்கோடாகவும், சிரைக்கு மேலே மற்றொரு மெல்லிய படலம் இன்னொரு வெண்கோடாகவும் வளைந்து, இரு ஓரங்களிலும் ஒன்றுசேர்ந்து, நடுவே கருவட்டமாகச் சிரையை ஏந்தியிருப்பது தெரிந்தது. பண்டைய எகிப்திய ஓவியங்களில் வரும் கண்ணை ஒத்திருந்ததால் பிரெஞ்சு, இத்தாலிய மருத்துவர்கள் இதைக் கண் அடையாளம் என்று வழங்கலாயினர். ரோம் நகரின் உடற்கூற்றியலர் அல்பெர்த்தோ கஜ்ஜாத்தி 1990-களின் பிற்பகுதியில் அறுவை ஆய்வையும் அல்ட்ராசவுண்டையும் பொருத்திப் பார்த்து, அந்த மேற்படலம் உண்மையான ஓர் உடற்கூற்று அமைப்பே என்று நிறுவினார். அது இன்று சஃபீனஸ் படலம் என்றும், இரு படலங்களுக்கும் இடைப்பட்ட வெளி சஃபீனஸ் அறை என்றும் அழைக்கப்படுகின்றன.

இதன் விளைவு சிறியதன்று. எந்தச் சிரை சஃபீனஸ், எது வெறும் கிளை என்று தீர்மானிக்க இதுவரை இருந்த அளவுகோல் சிரையின் தடிமனும் போக்குமே. இனி, அறைக்குள் இருப்பது சஃபீனஸ், அறைக்கு வெளியே கொழுப்பில் ஓடுவது கிளைச்சிரை என்று திரையைப் பார்த்தே சொல்ல முடிந்தது. சுருள் சிரை நோயில் கண்ணுக்குத் தெரியும் புடைப்புகள் பெரும்பாலும் சஃபீனஸ் சிரையின் புடைப்புகள் அல்ல என்ற உண்மையும் இதனால் விளங்கியது. கரை கட்டிய வாய்க்கால் நேராக ஓடுவதுபோல, படலங்களின் பிடிக்குள் உள்ள சஃபீனஸ் சிரை அழுத்தம் கூடினாலும் விரிவடையுமே தவிரப் பெரிதாக நெளிவதில்லை. பிடிமானம் ஏதுமற்ற கிளைச்சிரைகளே பாம்புபோல் நெளிந்து தோலின் மேல் புடைக்கின்றன. எனவே புடைப்பைக் கண்டு, நோயின் ஊற்று அங்கேயே இருப்பதாக முடிவுகட்டுவது பெரும்பாலும் தவறாகிவிடும்.

பெரிய சஃபீனஸ் சிரை பலருக்கு இரட்டையாக உண்டு என்று முன்பு அறுவை ஆய்வுகளும், சாயம் செலுத்தி எடுத்த எக்ஸ்-ரே படங்களும் கூறிவந்தன. அறையை அளவுகோலாகக் கொண்டு பார்த்தபோது, ஒரே அறைக்குள் இரு சிரைகள் இணையாக ஓடும் உண்மையான இரட்டைமை நூற்றுக்கு ஓரிருவரிடம் மட்டுமே காணப்பட்டது. மற்றவர்களிடம் இரண்டாவதாகத் தோன்றியது, சஃபீனசுக்கு இணையாக வெளியே ஓடிய ஒரு தடித்த கிளைச்சிரையே. இத்தாலியின் ஸ்டெஃபானோ ரிச்சியும் மிகாயில் ஜார்ஜியெவும் தொடையில் சிரை அமையும் விதங்களை எழுத்துகளின் வடிவத்தைக் கொண்டு வகைப்படுத்தினர். ஐ வகையில், சஃபீனஸ் சிரை கவட்டையிலிருந்து கீழ்வரை அறைக்குள் ஒரே சீராக ஓடுகிறது, குறிப்பிடத்தக்க கிளை இல்லை. எச் வகையில், அது முழுமையாக இருப்பதோடு, அதற்கு நிகரான தடிமனில் ஒரு கிளை படலத்துக்கு வெளியே இணையாக இறங்குகிறது. எஸ் வகையில், மேலே அறைக்குள் இருக்கும் சிரை, தொடையின் ஏதோ ஓரிடத்தில் படலத்தைத் துளைத்துக்கொண்டு கிளையாக வெளியேறுகிறது. அதற்குக் கீழே அறையில் சஃபீனஸ் மிக மெலிந்தோ, கண்ணுக்குத் தெரியாமலோ போய்விடுகிறது. முன்பு சிரையை உரித்தெடுக்கும் அறுவையின்போது கம்பி பாதியில் நின்றுவிடுவதும், இன்று சிரையை மூட உள்ளே செலுத்தும் லேசர் இழை மேலே ஏற மறுப்பதும் நேர்ந்தால், அதற்குப் பல நேரங்களில் இந்த மூன்றாம் வகை அமைப்பே காரணமாக இருக்கும்.

கவட்டைப் பகுதியில் இன்னொரு காட்சி உண்டு. அங்கே தொடையின் பொது ஆழ்சிரை ஒரு பெரிய வட்டமாகவும், அதன் வெளிப்பக்கம் தமனி ஒரு சிறு வட்டமாகவும், உட்பக்கம் மேலாகச் சஃபீனஸ் சிரை மற்றொரு சிறு வட்டமாகவும் தெரிவதால், உலகெங்கும் மருத்துவர்கள் இதை மிக்கி மௌஸ் படம் என்றே கூறுகின்றனர். இந்தச் சந்திப்பை நீளவாட்டில் பார்த்தால், ஆழ்சிரையோடு கலக்கும் இடத்திலேயே ஒரு முனை வால்வும், அதற்கு இரண்டு சென்டிமீட்டர் அளவில் கீழே முனைமுன் வால்வும் திறந்து மூடுவதைக் காணலாம். இரண்டுக்கும் இடைப்பட்ட சிறு பகுதியில் அடிவயிறு, இடுப்பு, பிறப்புறுப்புப் பகுதிகளிலிருந்து வரும் கிளைகள் வந்து சேர்கின்றன. பின்னோட்டம் என்றாலே முனை வால்வு கெட்டு ஆழ்சிரையின் இரத்தம் கொட்டுகிறது என்றுதான் நெடுங்காலம் கருதப்பட்டது. ஜெர்மானிய அறுவை மருத்துவர் ட்ரெண்டலென்பர்க் 1890-ஐ ஒட்டி சஃபீனசைக் கட்டுவதற்கு வகுத்த அறுவையின் அடிப்படையும் அதுவே. ஆனால் கணிசமானோரிடம் முனை வால்வு நன்றாகவே வேலை செய்ய, முனைமுன் வால்வு மட்டும் கெட்டு, மேலிருந்து வரும் அக்கிளைகளின் இரத்தமே கீழே வழிகிறது என்பதை டூப்ளெக்ஸ் காட்டியது. குறிப்பாகப் பலமுறை கருவுற்ற பெண்களிடம் இடுப்புக்குள்ளிருக்கும் சிரைகளின் அழுத்தம் இவ்வழியாகக் காலுக்கு இறங்குவதுண்டு.

தொடையின் முன்பக்கம் இறங்கும் முன் துணைச் சஃபீனஸ் சிரைக்கும் தனக்கென ஒரு கண் உண்டு. அதைப் பெரிய சஃபீனசிலிருந்து பிரித்தறிய, அதற்கு நேர் கீழே தொடைத் தமனியும் ஆழ்சிரையும் ஒரே வரிசையில் நிற்கின்றனவா என்று பார்த்தால் போதும். முழங்காலுக்கு அருகே இரு படலங்களும் நெருங்கிவிடுவதால் கண் தெளிவாகத் தெரியாது. அங்கே கால் எலும்பும் உட்புறக் கெண்டைத் தசையும் சந்திக்கும் முக்கோணமே வழிகாட்டி: முக்கோணத்துக்குள் இருப்பது சஃபீனஸ், முக்கோணம் வெறுமையாக இருந்தால், அருகில் தெரியும் சிரை எவ்வளவு தடிமனானாலும் அது கிளைதான்.

பழைய நூல்கள் மிகவும் இடறியது சிறிய சஃபீனஸ் சிரையில். அது முழங்காலின் பின்மடிப்பில் ஆழ்சிரையோடு கலந்துவிடும் என்று அவை எளிதாக முடித்துக்கொண்டன. உண்மையில் அந்தச் சந்திப்பு பெரும்பாலும் மடிப்புக்குச் சில சென்டிமீட்டர் மேலே அமைகிறது. சிலருக்கு அதைவிட உயரத்தில் அமைகிறது. சிலருக்கோ சந்திப்பே இல்லாமல், சிரை தொடையின் பின்பக்கமாக மேலே தொடர்ந்து சென்றுவிடுகிறது. இத்தொடர்ச்சி வளைந்து பெரிய சஃபீனசோடு இணைவதும் உண்டு. இவ்விணைப்பை டூரின் நகரின் கார்லோ ஜக்கோமினி 1873-லேயே விவரித்து வைத்திருந்தார். அறுவை அறையில் அவரை நினைத்தவர் நெடுங்காலம் அதிகமில்லை. முழங்காலின் பின்குழியைக் குத்துமதிப்பாகத் திறந்து, இல்லாத சந்திப்பைத் தேடிய அறுவைகள் எத்தனையோ. அங்கே பாதத்தின் வெளிப்புறத்துக்கு உணர்ச்சி தரும் சூரல் நரம்பு சிரையை ஒட்டியே செல்வதால் அந்தத் தேடலுக்கு விலையும் இருந்தது. இன்று சந்திப்பின் இடத்தை நின்ற நிலையில் கண்டறிந்து தோலில் மார்க்கர் பேனாவால் குறித்த பின்பே கத்தி வைக்கப்படுகிறது.

இவ்வளவு புதிய விவரங்கள் சேர்ந்தபோது, பெயர்க் குழப்பம் ஒரு தடையாக நின்றது. ஊடுருவு சிரைகள் காக்கெட், பாய்ட், டாட் என்று மருத்துவர்களின் பெயர்களால் வழங்கின. ஒரே சிரைக்கு நாட்டுக்கு நாடு வெவ்வேறு பெயர் இருந்தது. 2001-ல் ரோமில் கூடிய பன்னாட்டுக் குழு இப்பெயர்களைச் சீர்படுத்தி, ஊடுருவு சிரைகளை அவை இருக்கும் இடத்தைக் கொண்டே அழைக்கவேண்டும் என்று முடிவுசெய்தது. 2006-ல் பன்னாட்டுச் சிரைமருத்துவ ஒன்றியத்தின் சார்பில் டூப்ளெக்ஸ் பரிசோதனை முறையும் உடற்கூற்று விளக்கமும் வெளிவந்தன. அந்தப் பெயர்ச் சீர்திருத்தத்தில் உயிர்காக்கும் தன்மை உடையதும் ஒன்றுண்டு. தொடையின் முக்கிய ஆழ்சிரை ஒன்று மேற்புறத் தொடைச் சிரை என்று வழங்கிவந்ததால், அதில் இரத்தக்கட்டி என்று அறிக்கை வந்தபோது, மேற்புறச் சிரைதானே என்று சிகிச்சை தராமல் விட்ட மருத்துவர்கள் இருந்தனர். அந்தக் கட்டி பெயர்ந்து நுரையீரலை அடைத்தால் உயிருக்கே ஆபத்து. இன்று அது தொடைச் சிரை மட்டுமே.

சிகிச்சை முறைகள் இந்த உடற்கூற்றின் மீதே நிற்கின்றன. நூற்றாண்டுக் காலம் வழக்கிலிருந்த, சிரையை உரித்தெடுக்கும் அறுவையின் இடத்தை, 2000-ஐ ஒட்டி, சிரைக்குள்ளேயே இழையைச் செலுத்தி லேசராலோ ரேடியோ அலை வெப்பத்தாலோ மூடிவிடும் முறைகள் பிடித்துக்கொண்டன. அப்போது மயக்க மருந்து கலந்த குளிர்ந்த உப்புநீர், அல்ட்ராசவுண்டின் பார்வையில், சரியாக அந்தச் சஃபீனஸ் அறைக்குள் செலுத்தப்படுகிறது. அது சிரையைச் சூழ்ந்து, வெப்பம் தோலையும் அருகிலுள்ள நரம்பையும் தீண்டாமல் காக்கிறது. முழங்காலுக்குக் கீழே சஃபீனஸ் நரம்பு சிரையோடு ஒட்டிச் செல்வதால் அங்கே வெப்பத்தைப் பயன்படுத்தத் தயங்குவோர் பலர். இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு 2013-ல் வெளியிட்ட வழிகாட்டுதல், சுருள் சிரை நோயை உறுதிசெய்யவும் சிகிச்சையைத் திட்டமிடவும் டூப்ளெக்ஸ் பரிசோதனையைப் பயன்படுத்தவேண்டும் என்று கூறுகிறது. தொடுவதையும் ரப்பர் பட்டை கட்டிப் பார்ப்பதையும் மட்டும் நம்பிச் சிரையை அகற்றுவது இனி ஏற்கத்தக்கதன்று. பரிசோதனை செய்பவரின் பயிற்சியைப் பொறுத்தே இம்முறையின் மதிப்பும் அமைகிறது என்பதையும் உடன் சொல்லியாக வேண்டும்.

ஒரு வாதம் இன்னும் தீரவில்லை. பின்னோட்டம் கவட்டையில் தொடங்கிக் கீழே பரவுகிறது என்பது ட்ரெண்டலென்பர்க் காலத்துக் கொள்கை. தொடக்கநிலை நோயாளிகளை டூப்ளெக்சில் பார்த்தபோதோ, சந்திப்பு வால்வுகள் நலமாக இருக்க, கிளைச்சிரைகளிலோ சஃபீனசின் நடுப்பகுதியிலோ மட்டும் பின்னோட்டம் காணப்படுவது அரிதன்று. அப்படியானால் நோய் கீழிருந்து மேலேறுகிறது என்று வாதிடுவோர், புடைத்த கிளைகளை மட்டும் அகற்றிச் சஃபீனசை விட்டுவைக்கலாம் என்கின்றனர். பிரான்சின் பால் பிட்டலுகா 2009-ல் வெளியிட்ட ஆய்வு இவ்வழியைப் பரவலாக்கியது. கிளைகளின் சுமை நீங்கியதும் சிலரிடம் சஃபீனசின் பின்னோட்டமே குறைந்துவிடுகிறது என்பது அவர்களின் சான்று. யாரிடம் அது நிலைக்கும் என்பதை முன்கூட்டியே பிரித்தறிவதுதான் கடினம்.

சஃபீனசை விட்டுவைப்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. இதயத் தமனி அடைபட்டவர்களுக்கு 1967-ல் கிளீவ்லாந்தில் ரெனே ஃபவலோரோ செய்யத் தொடங்கிய பைபாஸ் அறுவையில் மாற்றுப்பாதையாக அமைந்தது இந்தச் சிரையே. பைபாஸ் செய்துகொண்ட பலரின் காலில் உட்புறமாக ஏறும் நீண்ட தழும்பு அதை எடுத்த தடம். அறுவைக்கு முன்பு அல்ட்ராசவுண்ட் வைத்து, சிரை எங்கே அறைக்குள் ஓடுகிறது, எங்கே மெலிகிறது, எங்கே கிளை பிரிகிறது, விட்டம் போதுமா என்று கணுக்காலிலிருந்து குறித்துக்கொண்டே சென்றால், கீறலும் குறுகும், தேடலும் குறையும். ஒருவருக்கு இரு கால்களிலும் சிரை அமைப்பு ஒன்றாக இருப்பதில்லை என்பதால், எந்தக் காலிலிருந்து எடுப்பது என்பதையும் அந்தப் படமே முடிவுசெய்கிறது.